கம்பைலர் சரி, பீன்ஸ் பாழ்

நம் கணினித் துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். 'உங்க அனுபவத்துலருந்து நாலு நல்ல வார்த்தை மேடம்' என்றார்கள். நாலு நல்ல வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால் வேலையில் இருக்கும்போதே சொல்லித் தொலைத்திருப்பேனே. என்னிடம் இருப்பது ஒரு குழப்பம்தான். பணியில் இருந்தபோது வந்தது, ஓய்வு பெற்றபின் தீரும் என்று நினைத்தேன், தீரவில்லை. அதைத்தான் உங்கள் தலையில் கட்டப் போகிறேன். தெளிவு வேண்டுமென்றால் பாடப்புத்தகத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று என் குடும்பத்துக்கே கடைசிவரை புரியவில்லை. எங்களுக்கு ஊருக்குள் தோல் வியாபாரம். அப்பாவை அத்தா என்போம்; அத்தாவுக்குப் பிறகு தம்பிகள் பார்த்துக்கொள்கிறார்கள். 'அக்கா கம்ப்யூட்டர்ல டாக்டர்' என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு ஓரமாக வந்து, செல்போன் சூடாகிறது, என்னவென்று பார் என்பார்கள். ஒருமுறை சின்னத் தம்பியை உட்கார வைத்து விளக்கினேன். மனிதர்கள் எழுதும் நிரல் சிப்புக்கு நேரடியாகப் புரியாது, அதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். ஃபேன், எடை மெஷின், வாஷிங்மெஷின் இவற்றுக்குள் இருக்கிற சிப்புகள் மலிவானவை. உள்ளே இடம் குறைவு. அதனால் மாற்றும்போதே வேண்டாததைக் கழித்துச் சுருக்கித் தர வேண்டும், அந்தக் கழிக்கிற வித்தைதான் என் ஆராய்ச்சி என்றேன். அவன் யோசித்துவிட்டு, "நாம தோல்ல ஓரம் வெட்டுற மாதிரியாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப எது ஓரம்னு அதுக்கு எப்டித் தெரியும்?" என்றான். அதற்கு நிறைய கணிதம் இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

கணிதம் நிஜமாகவே நிறைய இருக்கிறது. அதனாலேயே எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. புதிதாக வருகிற பையனோ பெண்ணோ, நிரல் ஓடவில்லை, கம்பைலரில்தான் கோளாறு என்று வந்து நின்றால் சிரிப்போம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பத்தாயிரம் பேர் பயன்படுத்துகிற கம்பைலர் உன் ஒருத்தனுக்காகவா தப்புச் செய்யும், போய் உன் நிரலைப் பார் என்று விரட்டுவோம். பெரும்பாலும் நாங்கள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் இந்தக் கதை நடக்கிறது.

மகேஸ்வரி என் கடைசி ஆராய்ச்சி மாணவி. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். எதைச் சொன்னாலும் 'சரிங்க மேடம்' என்பாள். அதைச் செய்துவிட்டு, நான் சொன்னது ஏன் தப்பு என்றும் காட்டுவாள். மலிவு சிப் ஒன்றுக்கு அவள் எழுதிய கம்பைலர், பழைய கம்பைலரைவிட நிரலை நன்றாகவே சுருக்கியது. யாருக்கும் பயன்படாத வேலைகளைக் கண்டுபிடித்துத் தூக்கிவிடுவதில் அவ்வளவு கறார். கட்டுரைகள் வெளிவந்தன, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள், தேர்வாளர்களின் அறிக்கையும் வந்தது. அதில் ஒருவர், எல்லாம் சரி, வைவா என்கிற வாய்மொழித் தேர்வின்போது இது நிஜமான ஓரிடத்தில் ஓடுவதைக் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார். மகேஸ்வரிக்குப் பதிவுக்காலம் முடிகிற நிலை. நீட்டிப்பு என்று எத்தனை உண்டோ அத்தனையும் வாங்கியாகிவிட்டது. இந்த வைவாவில் தவறினால் பட்டம் போயே போய்விடும். இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்திருந்தது.

நிஜமான இடத்துக்கு எங்கே போவது? அவள் ஊர்ப்பக்கம் சின்னராசு என்று ஒரு காய்கறி மண்டிக்காரர் இருந்தார். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் அனுப்புகிறவர். சரக்கு தங்கும் நாட்களுக்காக ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். அதன் குளிரைக் கட்டுப்படுத்துகிற கருவி அடிக்கடி மக்கர் செய்தது. மகேஸ்வரி போய்க் கேட்டதும், "நம்மூருப் புள்ள செய்யறது, மாட்டிப் பாக்கலாமுங்க" என்று ஒத்துக்கொண்டார். மின்னணுத் துறையில் என் சகா ஆரோக்கியம், பக்கத்து ஊரான அகரத்திலிருந்து தினமும் டூவீலரில் வருகிறவர், சிப்பை வைத்து ஒரு பெட்டி செய்து தந்தார். மகேஸ்வரியின் கம்பைலர் வழியாக நிரலை ஏற்றினோம். ஆய்வகத்தில் மேசைமீது வைத்து ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய் மாட்டிவிட்டு, அவர் வாங்கித் தந்த இளநீரையும் குடித்துவிட்டு வந்தோம்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது.

"ஏனுங்க மேடம், குளுரா இருந்தாப் போதும்னு தானுங்க சொன்னேன்? ஐஸ்கட்டி பண்ணித் தரச் சொல்லி உங்கள யாருங்க கேட்டா?"

பீன்ஸ் உறைந்துபோயிருந்தது. உறைந்த பீன்ஸ் இளகினால் தண்ணீர்விட்டுக் கறுத்துப்போகும், மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கம்ப்ரசர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பழனி பஸ்ஸைப் பிடித்து மூன்று பேரும் ஓடினோம். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அறை குளிர்ந்தது, கம்ப்ரசர் நின்றது, மறுபடி ஓடியது. எங்கள் கண்முன்னால் ஒரு தப்பும் நடக்கவில்லை. லேப்டாப்பைக் கழற்றி, பழையபடி விட்டுவிட்டு மண்டி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சின்னராசுவின் ஆள் ஓடிவந்து, "மறுக்கா நிக்காம ஓடுதுங்க" என்றான். திரும்ப மாட்டினோம். ஒழுங்கு. கழற்றினோம். சேட்டை. விருந்தாளி இருக்கும்வரை அடக்கமாக இருந்துவிட்டு, அவர்கள் செருப்பைப் போட்டதும் ஆட்டம்போடுகிற குழந்தையைப் போல இருந்தது.

நான் கரண்டைக் குறை சொன்னேன். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்றேன். ஆரோக்கியம் கரண்டை அளந்து காட்டிவிட்டு, "மேடம், கரண்டு கழுவிவிட்ட மாதிரி இருக்கு. உங்க கம்பைலர்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கதையை அவரிடமும் சொன்னேன். மகேஸ்வரி தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு, எழுதிய எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சின்னராசு, "நேரஞ் செரியில்லீங்க, எனக்கு அப்படித்தான் நடக்குது" என்றார். உண்மையைச் சொன்னால், அன்று பகல் முழுக்க யோசித்ததில் அவர் சொன்னதுதான் இருப்பதிலேயே பொருத்தமான விளக்கமாக எனக்குப் பட்டது.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு கோளாறு பார்க்கும்போது மறைந்து, பார்க்காதபோது வந்தால் உங்களுக்கு முதலில் வருவது வெறுப்பு. யாரோ விளையாடுகிறார்கள் என்று தோன்றும். அப்போது உடனே எதையாவது மாற்றத் துடிக்கும் கை. அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள். நாங்கள் மாற்றினோம். மாற்ற மாற்ற, எது அசல் கோளாறு, எது நாங்கள் புதிதாகச் செய்த கோளாறு என்பதே தெரியாமல் போயிற்று.

கண்டுபிடித்த விதமும் பெருமைப்படும்படி இல்லை. பெட்டியை ஆய்வகத்துக்கே கொண்டுவந்து மேசைமீது பரப்பியிருந்தோம். பெட்டிக்கு இரண்டு சென்சார்கள். ஒன்று அறைக்குள் இருக்க வேண்டியது, மற்றது வெளியே கம்ப்ரசர்மீது இருக்க வேண்டியது. இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆரோக்கியம் ஒரு சென்சாரைத் தூக்கி ஐஸ் தண்ணீரில் போட்டார். வந்திருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மற்ற சென்சார்மீதே வைத்துவிட்டார். லேப்டாப்பை மாட்டியிருக்கவில்லை; பெட்டியின் முகப்பில் ஓடும் எண்களில், ஐஸ் தண்ணீரில் கிடந்த சென்சார் தான் இளஞ்சூட்டில் இருப்பதாகச் சொல்லத் தொடங்கியது.

அன்றுவரை ஆய்வகத்தில் இரண்டு சென்சார்களும் ஒரே சூட்டில் கிடந்திருக்கின்றன, அதனால்தான் எதுவும் தெரியவில்லை. அந்தச் சிப் இரண்டையும் ஒரே வாயால் மாற்றி மாற்றிப் படிக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதும் முதலில் வருகிற வாசிப்பில் முந்தையதன் மிச்சம் கலந்திருக்கும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடிபம்பில் முதலில் வருகிற கலங்கலைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் குடத்தை வைப்பதுபோல, முதல் வாசிப்பைப் படித்துத் தூர எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள். சிப் தயாரித்தவர்கள் கூடவே தந்திருந்த நிரலிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மகேஸ்வரியின் கம்பைலர் அதைப் பார்த்தது. ஒரு வாசிப்பு நடக்கிறது, அதன் விடையை ஒருவரும் பயன்படுத்தவில்லை. வீண் வேலை. தூக்கிவிட்டது. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது. மிச்சமாகக் கலந்த கம்ப்ரசரின் சூட்டைப் பார்த்து, அறை இன்னும் குளிரவில்லை என்று பெட்டி ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. லேப்டாப்பை மாட்டும்போது மட்டும், நாங்கள் பார்ப்பதற்காக எல்லா வாசிப்புகளையும் அனுப்பச் சொல்லும் வேறொரு நிரலை ஏற்றினோம். விடைக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கம்பைலர் அந்த வாசிப்பை விட்டுவைத்தது. கழற்றும்போது பழைய நிரலை ஏற்றினோம், கோளாறும் கூடவே ஏறிக்கொண்டது.

ஆரோக்கியம் கைதட்டினார். மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். காரணம் தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்றுதானே எல்லோரும் நினைப்போம்.

அப்புறம்தான் தப்பு யார்மேல் என்று பார்க்க ஆரம்பித்தோம். மொழியின் விதிகளை எடுத்துப் பார்த்தோம். தூக்கக்கூடாத வாசிப்பு என்றால் நிரல் எழுதுகிறவர் 'இதில் கைவைக்காதே' என்று அடையாளம் போட வேண்டும், போடாவிட்டால் கம்பைலர் தூக்கலாம். அடையாளம் இல்லை. ஆகவே கம்பைலர் சரி. சிப் தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டோம். எங்கள் நிரல் எல்லாக் கம்பைலரிலும் இதுவரை ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, ஒருவரும் புகார் சொன்னதில்லை என்று பதில் வந்தது. அதுவும் நிஜம்தான். சிப்பின் கையேட்டைப் பார்த்தோம். முதல் வாசிப்பு பிசகலாம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருந்தது.

"மேடம், மூணு பேரும் யோக்கியன்" என்றார் ஆரோக்கியம். "அப்ப பீன்ஸ எவன் கெடுத்தது?"

அந்த ஓரிடத்தில் அடையாளத்தைப் போட்டோம். பெட்டி ஐஸ் தண்ணீரிலும் டீ டம்ளரிலும் ஒழுங்காக நடந்துகொண்டது. ஆனால் அந்த நிரலில் இதுபோல அடையாளமில்லாத வாசிப்புகள் நிறைய இருந்தன. அவற்றில் எவை நிஜமாகவே வீண், எவை வீண்போலத் தெரிந்தாலும் வேண்டியவை என்று கம்பைலரால் சொல்ல முடியாது. எதையுமே தூக்காதே என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டால் பெட்டிக்கு ஆபத்தில்லை. ஆனால் அப்போது அது பழைய கம்பைலர் ஆகிவிடும், மகேஸ்வரியின் ஆய்வேட்டில் அட்டைதான் மிஞ்சும்.

வைவாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதில் என்ன சொல்வது?

ஆரோக்கியத்துக்கு இதில் குழப்பமே இல்லை. "ஓடலை, சரி பண்ணோம், இப்ப ஓடுது. ஓடுதுன்னு சொல்லச் சொல்லுங்க. அது பொய்யா?" என்றார். பொய் இல்லை. அவர் போனபிறகு மகேஸ்வரி என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், நான் என்னங்க சொல்லட்டும்?"

எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. இத்தனை வருட உழைப்பு, அந்தக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பகல்கள், இவையெல்லாம் ஒரு பக்கம். பெட்டியும் பீன்ஸும் மறுபக்கம். அதற்கு நடுவில் கம்பைலர் சரியா தப்பா என்கிற கேள்விக்கே எனக்கு விடை தெரியவில்லை. கம்பைலர் சரி என்று காலையில் தோன்றும், மதியச் சாப்பாட்டுக்கு மேல் அதே கம்பைலர் தப்பாகத் தெரியும்.

"தெரியலைம்மா" என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நீங்க கைடுங்க மேடம்."

"கைடுதான். எனக்குத் தெரியலையே."

எழுந்து போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள், அது இன்னும் வலித்தது. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன், தெரியாதபோது தெரிந்ததுபோல ஒரு பதிலைக் கொடுத்து மாணவர்களை அனுப்பாதீர்கள். அவர்கள் அந்தப் பதிலை நம்பி மேடையேறிவிடுவார்கள்.

நம்முடைய வைவாக்கள் எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. வருவது ஆராய்ச்சியாளரின் சொந்தக்காரர்களும் துறை ஆட்களும்தான். கேட்பதற்கு ஆள் பிடிப்பதும் நடக்கும். ஜூனியர்களிடம் ஆளுக்கொரு கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அவர்கள் எழுந்து, பாடம் ஒப்பிப்பதுபோல, இந்த ஆய்வின் எதிர்கால வாய்ப்புகள் என்ன என்று கேட்பார்கள். ஆராய்ச்சியாளர், அருமையான கேள்வி என்பார். சமோசா ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மகேஸ்வரியும் இரண்டு ஜூனியர்களிடம் கேள்வி கொடுத்துவைத்திருந்தாள். பீன்ஸ் பாழான சங்கடத்தில், மரியாதைக்காகச் சின்னராசுவுக்கும் அழைப்பு வைத்திருந்தாள். வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சலவைச் சட்டையும் வேட்டியுமாக வந்து, முன்வரிசையில் அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தேர்வாளர் வெளியூர்க்காரர், வயதில் எனக்கு இளையவர், அதிகம் பேசாதவர். நிஜமான இடத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னது அவர்தான். மகேஸ்வரி நன்றாகப் பேசினாள். குளிர் அறை வந்தபோது, ஒரு வாசிப்பு நீக்கப்பட்டதால் கோளாறு வந்தது, அந்த இடத்தைத் திருத்தினோம், இப்போது ஓடுகிறது என்று திரையில் ஒரே படத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். சொன்னதெல்லாம் உண்மை. தேர்வாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே 'முடிஞ்சுது' என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

ஜூனியர்கள் தங்கள் கேள்விகளைக் கேட்டு முடித்தார்கள். வேறு யாராவது, என்று தேர்வாளர் ஒரு வழக்கத்துக்குக் கேட்டார். சின்னராசு எழுந்தார்.

"எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஓணத்துக்கு லோடு ஏத்தோணும், அறை நெறையச் சரக்கு வரும். பொட்டி இப்ப நல்லா ஓடுதுன்னு படத்துல காட்டுனீங்க, சந்தோசம். நான் அதை மறுக்கா மாட்டிக்கட்டுமா?"

சபையில் சிலர் சிரித்தார்கள். அருமையான கேள்வி என்று சொல்லிவிட்டு, மாட்டிக்கொள்ளலாம் என்றால் போதும். பெட்டி ஓடத்தான் செய்கிறது. மகேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே மகளைப் பார்த்தார். சொல்லிவிடு என்று நினைத்தேன். எதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

"வேண்டாங்க" என்றாள்.

"வேண்டாமுங்களா?"

"ஒரு எடத்தத்தான் சரி பண்ணியிருக்கறங்க. அதே மாதிரி வேற எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. கண்டுபிடிக்கவும் இப்போதைக்கு வழி தெரியலைங்க. உங்க பொட்டிக்குப் பழைய கம்பைலர்ல போட்டுக் குடுத்தர்றேன். கொஞ்சம் பெருசா, மெதுவா இருக்கும். ஆனா அது எதையும் தூக்கிப் போடாதுங்க. அதை மாட்டிக்கங்க."

சின்னராசு திரையைக் காட்டினார். "அப்ப இது?"

"இது இன்னும் அந்த அளவுக்கு ஆகலைங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தன்னுடைய வைவாவில், தன்னுடைய கம்பைலர் வேண்டாம், பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கோபம்கூட வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகுதான் அவள் என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க தீசிஸ் தப்புன்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க சார். விதிப்படி சரிங்க."

"அப்ப அவரை ஏன் மாட்ட வேணாம்னீங்க?"

"அவரு அறையில விதிப்புத்தகத்த வைக்கலைங்க சார். பீன்ஸ் வைக்கறாருங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். அதுவும் வழக்கம்தான். முடிவு சொல்வதற்கு முன் தேர்வாளரும் வழிகாட்டியும் மட்டும் தனியாகப் பேசி, பரிந்துரையில் கையெழுத்துப் போடுவார்கள். பொதுவாக அந்த நேரத்தில் பஸ் எத்தனை மணிக்கு, பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்றுதான் பேச்சு போகும். அன்று கதவு சாத்தப்பட்டபின் அவர் ஆய்வேட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். படிவம் மேசைமீது கிடந்தது.

"மேடம், கைடுங்கிற முறையில நீங்க சொல்லுங்க" என்றார் கடைசியில். "இந்தக் கம்பைலர் சரியா, தப்பா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் படித்தது, பாடம் நடத்தியது எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான். சரியென்றால், மாட்ட வேண்டாம் என்று சபையில் சொன்ன என் மாணவி பொய் சொன்னவளாகிறாள். தப்பென்றால் அவள் பட்டம் போகிறது. சாமர்த்தியமான பதில்கள் இரண்டு மூன்று வாய்வரை வந்தன. மகேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபிறகு அவற்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியல சார்" என்றேன். "ரொம்ப நாளா யோசிக்கிறேன். நெசமாவே தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியல மேடம். சரின்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தவன் நான்தான். அப்ப தெரிஞ்ச மாதிரி இருந்தது." படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், ஆனால் குளிர் அறையில் நடந்ததையும், இந்தக் கம்பைலரை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஒரு அத்தியாயமாகச் சேர்த்துவிட்டுத்தான் ஏட்டை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். என் பெயரையே கோணலாக எழுதினேன்.

"இதை எங்க நம்பலாம், எங்க நம்பக் கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்சது ஒருத்தருக்குத்தான்" என்றார். "அவங்களை வெளிய நிக்க வச்சிட்டு நாம ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருக்கோம். கூப்பிடுங்க மேடம்."

இன்றுவரை அந்தக் கம்பைலர் சரியா தப்பா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் என்னைவிடப் புத்திசாலிகள், கண்டுபிடித்தால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், டீ தருகிறேன். ஆனால் மாட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் வந்து கேட்டால், சரியா தப்பா என்று தெரியும்வரை அவரைக் காக்க வைக்காதீர்கள். இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்பதை என் மாணவியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன், அதுவும் பணிக்காலம் முடியப்போகிற நேரத்தில்.

கதவைத் திறந்தேன். வராந்தாவில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அவள் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். மகேஸ்வரி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தூணோரம் சின்னராசுவை நிறுத்திவைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு தானே வருவதாகவும், அதுவரை சரக்கை உள்ளே ஏற்ற வேண்டாம் என்றும், முதல் நாள் முழுக்கத் தெர்மாமீட்டரை வைத்துக் கூடவே பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"மகேஸ்வரி, உள்ள கூப்பிடுறாங்கம்மா" என்றேன்.

அவள் திரும்பாமலே ஒரு கையை மட்டும் என் பக்கம் உயர்த்தினாள்.

"ஒரு நிமிசம் இருங்க மேடம்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தேர்வாளரும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.